பணம் சிக்கிக்கொண்டால் சட்டம் என்ன செய்யும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாங்கிய ஃபிரிட்ஜ் ஒரு மாதத்தில் நின்றுவிட்டது. கொடுத்த செக் வங்கியிலிருந்து திரும்பி வந்துவிட்டது. வேலை செய்து கொடுத்த கம்பெனி ஆறு மாதமாக பில்லுக்குப் பணம் தரவில்லை. சீட்டுக்காரர் வீடு பூட்டிக் கிடக்கிறது. தமிழ்நாட்டில் சாதாரண மக்கள் சட்டத்தைத் தேடி வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட விஷயங்களுக்குத்தான்.

இவை எல்லாவற்றுக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வழிக்கும் ஒரு கெடு உண்டு. "பாவம், அடுத்த மாசம் தர்றேன்னு சொல்றார், பார்ப்போம்" என்று காத்திருந்தே கெடுவைத் தாண்டிவிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதனால் பதில்களில் நாள் கணக்கு அடிக்கடி வரும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடை, பில், நுகர்வோர் ஆணையம்

கேள்வி: பொருள் பழுது. ஆனால் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அவ்வளவுதானா?

இல்லை. அந்த வரிக்கு பழுதான பொருள் விஷயத்தில் மதிப்பு கிடையாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கால அளவு போட்டிருந்தால் அதற்குள் திருப்பித் தர வேண்டும். எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள். பில் தராமல் விற்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். புடவை வீட்டுக்கு வந்தபின் நிறம் பிடிக்கவில்லை என்றால் அது பழுது அல்ல. மாற்றித் தருவது கடையின் விருப்பம். சாயம் போனால், நூல் விட்டால், அது பழுது.

கேள்வி: எங்கே புகார் செய்வது? வக்கீல் வேண்டுமா? எவ்வளவு செலவாகும்?

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பெரிய நிறுவனங்கள் பல நேரம் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். ஆனால் இது சமரசம் மட்டும்தான், தீர்ப்பு அல்ல. அங்கே புகார் கொடுத்திருப்பதால் வழக்குக்கான கெடு நிற்காது.

அங்கே முடியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்கு நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கும் மேலே தேசிய ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே ஆஜராகி வாதாடலாம். இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தே மனு தாக்கல் செய்யவும் முடியும்.

2019 சட்டம் தந்த பெரிய நன்மை ஒன்று உண்டு. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கம்பெனி டெல்லியில் இருக்கட்டும், ஆன்லைனில் வாங்கியதாக இருக்கட்டும், திண்டுக்கல்லில் இருப்பவர் திண்டுக்கல் ஆணையத்துக்கே போகலாம்.

கெடு: பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு.

கேள்வி: கடைக்கு என்ன எழுதி அனுப்ப வேண்டும்?

வழக்குக்கு முன் ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள். சட்ட மொழி தேவையில்லை. இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, தங்கள் கடையில் மார்ச் 4 அன்று (பில் எண் இது) 31,500 ரூபாய்க்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினேன். ஏப்ரல் 10 முதல் குளிர்ச்சி இல்லை. ஏப்ரல் 12, 20, மே 2 ஆகிய நாட்களில் மெக்கானிக் வந்து பார்த்தும் சரியாகவில்லை. மூன்று சர்வீஸ் சீட்டுகளின் நகலை இணைத்துள்ளேன். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் புதிய ஃபிரிட்ஜ் தரவும். அல்லது 31,500 ரூபாயைத் திருப்பித் தரவும். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்."

தேதி, தொகை, என்ன நடந்தது, என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள். இந்த ஐந்தும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். திட்டாதீர்கள், பின்னால் நீதிபதி படிக்கப்போகிற காகிதம் இது. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பு நிறுவனத்துக்கும் ஒரு பிரதி போகட்டும்.

மெக்கானிக் வந்து போனால் சர்வீஸ் சீட்டு கேட்டு வாங்குவது பலருக்கும் பழக்கமில்லை. "சரி பண்ணிட்டேன்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவார். மூன்று முறை வந்தார் என்பதற்குச் சான்றே இருக்காது. குறைந்தது அன்றைக்கே வாட்ஸ்அப்பில் "இன்று வந்து பார்த்தீர்கள், இன்னும் குளிரவில்லை" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: நான் தையல் மெஷின் வாங்கியது தொழிலுக்கு. நான் நுகர்வோர் ஆவேனா?

லாபம் ஈட்டும் வணிகத்துக்காக வாங்கியவர் பொதுவாக நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக, தானே பயன்படுத்த வாங்கியவர் ஆவார். வீட்டில் ஒரே மெஷின் வைத்துத் தைப்பவர் தயங்காமல் போகலாம். ஐம்பது மெஷின் போட்டு ஆள் வைத்து நடத்துகிறவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். மனுவில் "என் வாழ்வாதாரத்துக்காக, நானே இயக்குவதற்காக வாங்கினேன்" என்பதைத் தெளிவாக எழுதுங்கள். எதிர்த்தரப்பு முதலில் கிளப்பும் ஆட்சேபமே அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: டாக்டர், வக்கீல், ஓட்டல் எல்லாம் இதில் வருமா?

கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் வரும். உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. வக்கீல் சேவை வராது, இது 2024 மே மாதத் தீர்ப்பு. ஓட்டலில் சாப்பாடு சரியில்லை என்றாலும் வரும். ஓட்டல் பில்லில் தானாகச் சேர்த்துப் போடும் சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது; 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பில்லைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: ஆணையம் எனக்குச் சாதகமாக உத்தரவு போட்டும் பணம் வரவில்லையே?

அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போட வேண்டும். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மாவட்ட ஆணைய உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 45 நாள் கெடு. தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் மேலே போகவும் முடியும். ஆகவே "மேலே போய்ப் பார்த்துக்கிறோம்" என்று எதிர்த்தரப்பு சொன்னால் பயப்பட வேண்டாம்.

செக், புரோநோட்டு, கைமாற்று

கேள்வி: செக் திரும்பி வந்துவிட்டது. "திரும்பப் போடுங்க, இந்தத் தடவை பாஸ் ஆகிடும்" என்கிறார். நம்பலாமா?

நம்பிப் போடலாம், ஆனால் நாளை எண்ணிக்கொண்டே போடுங்கள். அதிகம் பேர் தோற்பது இந்த இடத்தில்தான்.

செக்கின் ஆயுள் அதில் போட்ட தேதியிலிருந்து 3 மாதம். அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் வங்கியில் போடலாம். பணமில்லை என்று திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் அவர் கைக்குக் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தரலாம். தராவிட்டால், அந்த 15 நாள் முடிந்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார். இதுதான் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138வது பிரிவு வழக்கு.

தேதி வைத்துப் பார்ப்போம். ஜூன் 3 அன்று ரிட்டர்ன் மெமோ (செக் திரும்பியதற்கு வங்கி தரும் சீட்டு) கைக்கு வருகிறது. நோட்டீஸ் ஜூலை 3க்குள் போய்விட வேண்டும். நீங்கள் ஜூன் 20 அன்று அனுப்பி, அவர் ஜூன் 24 அன்று வாங்கிக்கொள்கிறார். ஜூலை 9 வரை அவருக்கு அவகாசம். ஜூலை 10 முதல் உங்களுக்கு வழக்குப் போடும் உரிமை பிறக்கிறது. ஆகஸ்ட் 9க்குள் தாக்கல் செய்துவிடுங்கள். அவசரப்பட்டு ஜூலை 5லேயே போட்டாலும் தவறு. அந்தப் புகார் நிற்காது.

புகார் போடுவதில் சில நாள் தாமதமானால், தகுந்த காரணம் காட்டினால் நீதிமன்றம் மன்னிக்கலாம். நோட்டீஸுக்கான 30 நாளில் அந்தச் சலுகை இல்லை. தவறிவிட்டால் ஒரே வழி, செக்கின் 3 மாத ஆயுள் மிச்சமிருந்தால் மறுபடி வங்கியில் போட்டு, புதிதாகத் திரும்பும் மெமோவை வைத்து நோட்டீஸ் கொடுப்பது.

நோட்டீஸில் செக் தொகை எவ்வளவோ அதைச் சரியாகக் கேளுங்கள். வட்டி, செலவு கேட்டால் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுங்கள். தொகை தப்பாகப் போனதாலேயே வழக்கு தள்ளுபடியான தீர்ப்புகள் உண்டு. நோட்டீஸை வாங்காமல் அவர் திருப்பி அனுப்பினாலும், முகவரி சரியாக இருந்தால் அது கொடுத்ததாகவே கருதப்படும்.

கேள்வி: தண்டனை என்ன? என் பணம் வருமா?

இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதத்திலிருந்து உங்களுக்கு இழப்பீடு தர நீதிமன்றம் உத்தரவிடலாம். வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கேட்கவும் 2018 முதல் வழி இருக்கிறது. வழக்கு உங்கள் வங்கிக் கிளை இருக்கும் ஊரில்தான் நடக்கும். கடன்காரர் ஊருக்கு அலைய வேண்டாம்.

கேள்வி: நான் வெற்று செக்கில் கையெழுத்துப் போட்டு ஈடாகக் கொடுத்தேன். கடனை அடைத்துவிட்டேன். செக் இன்னும் அவரிடம் இருக்கிறது. ஆபத்தா?

ஆபத்துதான். கையெழுத்து உங்களுடையது என்று ஆகிவிட்டால், கடனுக்காகத்தான் கொடுத்தீர்கள் என்று சட்டம் முதலில் அனுமானித்துக்கொள்ளும். தொகையை யார் எழுதியிருந்தாலும் சரி. இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. எனவே கடன் அடைக்கும் அன்றே செக்கைக் கையில் வாங்குங்கள். தர மறுத்தால் அன்றே எழுத்தில் கேளுங்கள், கடனை வங்கி வழியாக அடைத்த சான்றை வைத்துக்கொள்ளுங்கள், வங்கியில் அந்தச் செக்குக்குப் பணம் தர வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். வங்கியில் நிறுத்தினால் மட்டும் வழக்கு வராமல் போகாது. அடைத்துவிட்டீர்கள் என்ற சான்றுதான் உங்களைக் காப்பாற்றும்.

கேள்வி: புரோநோட்டு எழுதி வாங்கினேன். மூன்று வருஷம் ஆகப்போகிறது.

மூன்று ஆண்டு முடிவதற்குள் ஒன்று, உரிமையியல் வழக்குப் போடுங்கள். அல்லது நோட்டின் பின்பக்கம் வரவு எழுதி வாங்குங்கள். கடன்காரர் நூறு ரூபாய் கொடுத்தாலும் போதும். "இன்ன தேதியில் இந்தத் தொகை செலுத்தினேன்" என்று அவர் கையால் எழுத வேண்டும், அல்லது எழுதியதன் கீழ் அவர் கையெழுத்து வேண்டும். அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடும். கெடு முடிந்த மறுநாள் வாங்கும் வரவுக்கு இந்தப் பலன் இல்லை. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டாத நோட்டை நீதிமன்றம் சான்றாக ஏற்காது என்பதையும் எழுதும் அன்றே நினைவில் வையுங்கள்.

20,000 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட கடனை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வங்கி வழியாகக் கொடுத்தால் உங்களுக்கும் சான்று, அவருக்கும் தொல்லை இல்லை.

கேள்வி: வாங்கிய அசலுக்கு மேல் வட்டி கட்டிவிட்டேன். வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து மிரட்டுகிறார்கள்.

நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள், மாவட்ட ஆட்சியருக்கும் மனு போடுங்கள். கடன் வசூலில் வலுக்கட்டாய நடவடிக்கைகளைத் தடுக்க 2025இல் தனிச் சட்டமும் வந்துவிட்டது. கடன் வாங்கியது குற்றமல்ல. கடனைக் கேட்டு வழக்குப் போட அவருக்கு உரிமை உண்டு; உங்கள் வாசலில் உட்கார்ந்து அவமானப்படுத்த உரிமை இல்லை. இதைக் குடும்பத்தில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். தனியாகச் சுமக்காதீர்கள்.

சிறுதொழில், பில் பாக்கி

கேள்வி: திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறேன். கம்பெனி 120 நாள், 150 நாள் இழுக்கிறது. கேட்டால் அடுத்த ஆர்டர் கிடைக்காது என்ற பயம்.

அந்தப் பயம் நியாயமானது. அதை வைத்துத்தான் இழுக்கிறார்கள். ஆனால் சட்டம் இங்கே சிறியவர் பக்கம் உறுதியாக நிற்கிறது. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். "எங்க கம்பெனி பாலிசி 90 நாள்" என்று பர்ச்சேஸ் ஆர்டரில் அச்சடித்திருந்தாலும் 45தான்.

தாண்டினால் வட்டி. ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 18, மாதத்துக்கு ஒன்றரை. 2 லட்ச ரூபாய் பில் கெடு தாண்டி 10 மாதம் நின்றால் வட்டி மட்டும் சுமார் 32,100 ரூபாய். பலரும் வட்டி கேட்பதே இல்லை. அசல் வந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். கேட்காவிட்டாலும், பேச்சுவார்த்தையில் உங்கள் கையில் இருக்கும் பலம் அந்த வட்டிதான்.

இன்னொரு பலமும் இருக்கிறது. 2023-24 நிதியாண்டு முதல், கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31 அன்றும் நின்றால், வாங்கியவர் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமானத்தில் கழிக்க முடியாது. பணம் கொடுக்கும் ஆண்டில்தான் கழிக்கலாம். இது நடுத்தர நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பாக்கிக்குப் பொருந்தாது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும் இல்லை. தயாரிப்போ ஜாப் ஒர்க்கோ செய்யும் குறு, சிறு நிறுவனங்களுக்கு உண்டு. ஆகவே பிப்ரவரி மாதமே உங்கள் உத்யம் சான்றின் (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) நகலோடு பாக்கி விவரத்தைக் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு அனுப்புங்கள். முதலாளியைவிட ஆடிட்டருக்கு அது சீக்கிரம் உறைக்கும்.

கேள்வி: "ஷேடு மாறிப்போச்சு, தையல் சரியில்லை" என்று நாலு மாதம் கழித்துச் சொல்கிறார்கள்.

ஆட்சேபம் இருந்தால் சரக்கு கைக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே கெடு ஓட ஆரம்பித்துவிடும். இதற்கு உங்களிடம் கையெழுத்தும் தேதியும் உள்ள டெலிவரி சலான் இருக்க வேண்டும். டெம்போ டிரைவரிடம் கொடுத்தனுப்பி, சலானை வாங்காமல் விட்டால் மொத்தமும் அவர் வார்த்தைக்கு எதிராக உங்கள் வார்த்தை ஆகிவிடும்.

கேள்வி: எங்கே போவது?

உத்யம் பதிவு முதலில் வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. சரக்கு அனுப்பும் முன்பே பதிவு இருப்பதுதான் பாதுகாப்பு, பின்தேதிப் பதிவால் வீணான வழக்குகள் உண்டு. பிறகு குறு, சிறு, நடுத்தரத் தொழில் (எம்எஸ்எம்இ) அமைச்சகத்தின் இணையதளம் வழியாகவோ மாவட்டத் தொழில் மையம் வழியாகவோ குறு, சிறு தொழில் வசதியாக்க மன்றத்துக்கு மனு போடலாம். முதலில் சமரசம், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போனால் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். மனு போடாமல் மூன்று ஆண்டுக்கு மேல் இழுக்க விடாதீர்கள்.

சீட்டு, டெபாசிட், பங்கு

கேள்வி: ஏலச்சீட்டு சட்டப்படி சரியா?

பதிவு செய்த சீட்டு முழுக்கச் சரி. 1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. சீட்டு நடத்துபவர் ஒவ்வொரு சீட்டுக்கும் பதிவாளரிடம் முன் அனுமதி வாங்கி, சீட்டுத் தொகை அளவுக்குப் பிணை கட்ட வேண்டும். கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. 20 பேர், மாதம் 5,000, ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டில் ஒருவர் 25,000 தள்ளி எடுத்தால் அவர் கைக்கு 75,000. தள்ளிய 25,000இல் கமிஷன் 5,000 போக மிச்சம் 20,000 ஆளுக்கு 1,000 கழிவாக வரும். இந்தக் கணக்கு ஒவ்வொரு மாதமும் உங்கள் பாஸ்புக்கில் பதிவாகிறதா என்று பாருங்கள்.

சேரும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்தச் சீட்டின் பதிவு எண் என்ன?" கம்பெனியின் பதிவு எண் அல்ல, இந்தச் சீட்டின் எண். தகராறு வந்தால் பதிவாளரிடமே வழக்குப் போடலாம்.

கேள்வி: தெரு அக்காவிடம் கட்டிய தீபாவளிச் சீட்டு போய்விட்டது. பதிவு எல்லாம் இல்லை.

பதிவாளர் வழி இல்லை. காவல் நிலையத்தில் மோசடி, நம்பிக்கை மோசடி என்று புகார் கொடுக்கலாம். உரிமையியல் வழக்கும் போடலாம். கட்டிய எல்லோரும் சேர்ந்து போங்கள். நோட்டுப் புத்தகத்தில் அவர் போட்ட கையெழுத்து, ஜிபே பதிவுகள், வாட்ஸ்அப் குழுவில் அவர் போட்ட செய்திகள் எல்லாவற்றையும் அவர் அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நகைக்கடைத் திட்டங்கள் ஏன் 11 மாதத்தில் முடிகின்றன?

கம்பெனி சட்ட விதிகளின்படி, பொருளுக்கான முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட வேண்டும். தாண்டினால் அது டெபாசிட் ஆகிவிடும். டெபாசிட் வாங்க வேறு கடுமையான நிபந்தனைகள். இரண்டு, மூன்று ஆண்டுத் திட்டம் என்று எந்தக் கடையாவது பணம் கேட்டால் அங்கேயே நின்று யோசியுங்கள்.

கேள்வி: ஒரு லட்சம் போட்டால் மாதம் 25,000, 30,000 தருகிறார்கள். சொந்தக்காரருக்கு நாலு மாதமாக வந்துகொண்டிருக்கிறது.

நாலு மாதம் வருவதுதான் அந்த வலை. புதிதாகச் சேருகிறவர் பணத்தை எடுத்துப் பழையவருக்குக் கொடுக்கிறார்கள். எந்த நேர்மையான தொழிலும் மாதம் 30 சதவீதம் தராது. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் சரிந்தன. பத்து ஆண்டு கழித்து 2022இல் ஆருத்ரா கோல்டு நிறுவன வழக்கு வந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் 2,438 கோடி ரூபாய் வசூலானதாகக் காவல்துறை சொன்னது. கோழி தங்கமாக மாறியது, கணக்கு மாறவில்லை.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட திட்டங்களில் மாமன், மச்சானைச் சேர்த்துவிட்டவர்களும் சிக்குகிறார்கள். 2019இல் வந்த முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டத்தில், ஆள் சேர்ப்பதற்கே ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. "நானும்தான் ஏமாந்தேன்" என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது.

கேள்வி: போட்டாயிற்று. இப்போது என்ன?

பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். 1997ஆம் ஆண்டு தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, சிறப்பு நீதிமன்ற உத்தரவோடு ஏலம் விட்டுப் பங்கிட்டுத் தரலாம். பத்து ஆண்டு வரை சிறையும் உண்டு. உச்ச நீதிமன்றம் 2011இல் இந்தச் சட்டம் செல்லும் என்றது.

"ஆயிரம் பேர் புகார் கொடுத்திருக்காங்க, நாம வேற எதுக்கு" என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் பெயரும் தொகையும் காவல்துறைப் பட்டியலில் இருந்தால்தான் பங்கீட்டில் உங்களுக்கு இடம். நடுவில் ஏஜென்ட் வந்து "அசல் பாண்டைக் கொடுங்க, புகாரை வாபஸ் வாங்குங்க, செட்டில் பண்றோம்" என்பார். அசலை யாரிடமும் தராதீர்கள். ஆண்டுக் கணக்கில் இழுக்கும், முழுத் தொகை வருவது அரிது. இருந்தும் வேறு வழியில் வரும் பணத்தைவிட இந்த வழியில் வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

கேள்வி: வங்கியில் போட்ட பணம் பாதுகாப்பா?

ஒரு வங்கியில் ஒரு நபருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி 4 முதல் இந்த அளவு. கூட்டுறவு வங்கிகளுக்கும் பொருந்தும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பொருந்தாது.

கேள்வி: கணக்கிலிருந்து பணம் திருட்டுப் போய்விட்டது.

உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதே மணி நேரத்தில் வங்கிக்கும் தகவல், புகார் எண் வாங்குங்கள். தவறு வங்கியுடையதும் அல்ல, உங்களுடையதும் அல்ல என்றால், 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் இல்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. ஓடிபி சொல்லிவிட்டீர்கள் என்றால் தகவல் தரும் வரை போனது உங்கள் நஷ்டம். தந்த பிறகு போவது வங்கியின் நஷ்டம். அதனால் வெட்கப்பட்டு அரை நாள் யோசிக்காதீர்கள். வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம்.

கேள்வி: பங்குத் தரகர், மியூச்சுவல் ஃபண்ட் மீது புகார்?

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார் தளம். 21 நாளுக்குள் நிறுவனம் பதில் தர வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் "டிப்ஸ்" தருபவர் செபியில் பதிவு பெற்றவரா என்று செபி தளத்திலேயே பெயர் போட்டுத் தேடிப் பாருங்கள். இல்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி: அப்பா வங்கிக் கணக்கில் என்னை நாமினியாகப் போட்டிருக்கிறார். பணம் முழுவதும் எனக்குத்தானே?

இல்லை. நாமினி வாங்கி வைத்திருக்கும் பொறுப்பாளர் மட்டுமே. உயில் இருந்தால் உயில்படி, இல்லையென்றால் வாரிசுச் சட்டப்படி எல்லா வாரிசுகளுக்கும் பங்கு உண்டு. பங்குகள் விஷயத்திலும் இதையே உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொன்னது. வங்கிக் கணக்குகளில் 2025 நவம்பர் முதல் நான்கு நாமினிகள் வரை போடலாம். யாருக்கு எவ்வளவு என்பதில் தகராறு வரக்கூடாது என்று நினைக்கும் பெற்றோர் உயில் எழுதுவதே நல்லது.

கேள்வி: வக்கீல் வைக்க வசதியில்லை.

15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போங்கள். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. செக், கடன் போன்ற வழக்குகளை லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) அனுப்பச் சொல்லியும் கேட்கலாம். அங்கே சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அந்த முடிவுக்கு மேல்முறையீடும் கிடையாது. போகும்போது காகிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒரு வெள்ளைத் தாளில் என்ன எப்போது நடந்தது என்று எழுதி எடுத்துப் போங்கள். கெடு எந்த நாளில் முடிகிறது என்பதை அந்தத் தாளைப் பார்த்துத்தான் அவர்கள் முதலில் கணக்குப் போடுவார்கள்.